பேசாமையும் சொல்லாமையும்: 'டெய்ரி குவீன்' புதினம் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

அமெரிக்க ஆங்கிலத்தில் இளையோருக்கென எழுதப்படும் காதற் புதினங்களுள், பள்ளிக் கால்பந்து அணியில் ஆண்களோடு சேர்ந்து ஆடும் பெண்ணைத் தலைவியாகக் கொண்டவை சில உள்ளன. கேதரின் கில்பர்ட் மர்டாக் எழுதி 2006-இல் வெளிவந்த 'டெய்ரி குவீன்' அவற்றுள் ஒன்று. இதன் தொடர்ச்சியாக 'தி ஆஃப் சீசன்' (2007), 'ஃப்ரண்ட் அண்ட் சென்டர்' (2009) என்னும் இரு புதினங்களும் வெளிவந்தன. இவ்வகை நூல்கள் பொழுதுபோக்கு எழுத்தாகவே கருதப்படுவதால் திறனாய்வாளர்களின் கவனத்தையும் மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்தையும் பெரும்பாலும் பெறுவதில்லை. ஆயின், 'டெய்ரி குவீன்' விளையாட்டையும் காதலையும் மேற்பரப்பாகக் கொண்டு, ஒரு குடும்பத்தின் மொழிப் பயன்பாட்டையே ஆராயும் புதினம் ஆகும். இக்கருத்தை நிறுவுவதும், தமிழாக்கம் செய்ய முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கதைப்பொருளும் சூழலும்

விஸ்கான்சின் மாநிலத்தில் ரெட் பெண்ட் என்னும் கற்பனைச் சிற்றூரில் கதை நிகழ்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணான டி.ஜே. ஷ்வெங்க் கதையைத் தன்மையிடத்தில் கூறுகிறாள். தந்தையின் இடுப்புக் காயத்தால் பால்பண்ணையின் முழுப் பொறுப்பும் அவள்மீது விழுகிறது. நாள்தோறும் இருமுறை பால் கறத்தல், தொழுவத்தைத் துப்புரவு செய்தல், உலர்புல் அறுத்துக் கட்டுதல் ஆகிய வேலைகளுக்கிடையே அவள் ஆங்கிலப் பாடத்தில் தேறாமற் போகிறாள். கல்லூரிக் கால்பந்தில் புகழ்பெற்ற அண்ணன்மார் வின், பில் இருவரும் தந்தையோடு பிணங்கி வீட்டோடு தொடர்பின்றி இருக்கின்றனர். தாய் இரண்டு வேலைகளைப் பார்க்கிறாள். தம்பி கர்டிஸ் வாய்திறப்பதே அரிது.

அண்டை ஊரான ஹாலியின் அணி, ரெட் பெண்ட் அணிக்குப் பரம்பரைப் போட்டி அணி. அதன் பயிற்சியாளரும் ஷ்வெங்க் குடும்ப நண்பருமான ஜிம்மி ஓட், தம் அணியின் குவார்ட்டர்பேக் பிரையன் நெல்சனைப் பண்ணை வேலைக்கு அனுப்புகிறார். டி.ஜே. அவனுக்குப் பயிற்சியும் அளிக்கிறாள். பயிற்சி நட்பாகவும் நட்பு காதலாகவும் வளர்கிறது. இதற்கிடையில் அவள் தன் பள்ளி அணியில் தானே சேர்வதென முடிவு செய்கிறாள். ஆனால் பிரையனிடம் அதைத் தெரிவிக்கவில்லை. அவன் அதை அறிய நேரும்போது உறவு முறிகிறது.

இக்கதைக்குப் பின்னணியாக இரண்டு செய்திகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று பொருளாதாரம் சார்ந்தது. விஸ்கான்சின் தன்னை அமெரிக்காவின் பால்நாடு என வாகனப் பலகைகளிலேயே பொறித்துக்கொண்ட மாநிலம். புதினம் வெளிவந்த காலத்தை ஒட்டி அங்கு ஏறத்தாழ 15,000 கறவைப் பண்ணைகள் இருந்தன. 2024-இன் தொடக்கத்தில் அவை 6,000-க்கும் கீழாகக் குறைந்தன. எனவே ஷ்வெங்க் பண்ணையின் நலிவு ஒரு குடும்பத்தின் தனிச்சிக்கல் மட்டுமன்று. மற்றொன்று சட்டம் சார்ந்தது. கல்வியில் பால் வேறுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. 1975-ஆம் ஆண்டு விதிகள் கால்பந்து போன்ற உடல்மோதல் ஆட்டங்களுக்கு அதிலிருந்து விலக்களித்தன. எனினும், பெண்களுக்குத் தனி அணி இல்லாத நிலையில் அவர்களை இத்தகைய ஆட்டங்களிலிருந்து முற்றிலும் விலக்குவது அரசமைப்புக்கு முரணானது என விஸ்கான்சின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, டி.ஜே.யின் காலத்தில் அவளுக்குத் தடையாக நிற்பது சட்டமன்று. தான் விரும்புவதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல இயலாமையே தடையாகிறது.

2. பேசாமையின் வகைகள்

ஷ்வெங்க் குடும்பத்தினர் பேசாதவர்கள் என்பது புதினம் முழுவதும் வற்புறுத்தப்படும் செய்தி. ஆயின், இப்பேசாமை ஒரே தன்மையதன்று. தமிழின் எதிர்மறை வடிவங்களைக் கொண்டு நோக்கினால் இதன் வகைகள் தெளிவாகப் புலப்படுகின்றன. கர்டிஸிடம் காணப்படுவது இயல்பான பேசாமை. அண்ணன்மார்க்கும் தந்தைக்கும் இடையே உள்ளது 'பேச்சில்லை' என்று தமிழ் வழக்கில் குறிக்கப்படும் பிணக்கு. தாயிடம் உள்ளது சொல்லாமை, அதாவது மறைத்தல். டி.ஜே.யிடம் தொடக்கத்தில் உள்ளது பேசத் தெரியாமை. தோழி ஆம்பரோ சொல்ல இயலாமையால் விலகிச் செல்கிறாள். ஆம்பர் பெண்களை விரும்புபவள் என்பதும் டி.ஜே.மீது அவள் கொண்ட பற்றும் நெடுநாள் வரை டி.ஜே.க்குப் புரிவதில்லை.

இங்குப் 'பேசு', 'சொல்' என்னும் இரு வினைகளின் வேறுபாடு கருதத்தக்கது. 'அவனோடு பேசினாள்' என்னும் தொடர் தன்னளவில் முற்றுப்பெறுகிறது. 'அவனிடம் சொன்னாள்' என்றால் 'எதை?' என்னும் வினா எழுகிறது. முன்னது உறவாடுதலைக் குறிப்பது. பின்னது செய்தி ஒன்றை வேண்டி நிற்பது. புதினத்தின் கட்டமைப்பு இவ்வேறுபாட்டின் மீதே அமைந்துள்ளது எனலாம். கோடை முழுவதும் டி.ஜே. பிரையனோடு பேசக் கற்கிறாள். குடும்பத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அதுவரை எவரோடும் பேசாதவற்றைப் பேசுகிறாள். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறாள். பேசாமை நீங்கிய பின்னும் சொல்லாமை எஞ்சுகிறது. பேசப் பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் எளிய அறிவுரைக்குள் இந்நூல் அடங்காமைக்கு இதுவே காரணம். காதலின் முறிவும் மூன்றாமவர் சூழ்ச்சியாலோ தற்செயலான பிழைபாட்டாலோ விளைவதன்று. தலைவியின் மொழிச்செயலிலிருந்தே பிறக்கிறது. இவ்வகைப் புதினங்களில் இது அருமையாகவே காணப்படுவது.

ஆங்கிலத்திலும் இவ்விரு பொருளுக்கும் வெவ்வேறு வினைகள் உண்டு. எனினும் இரண்டையும் 'பேசு' என்றே பெயர்த்துச் செல்லும் பழக்கம் தமிழாக்கங்களில் எளிதில் நேரக்கூடியது. அவ்வாறு நேர்ந்தால் கதையின் அச்சு முறியும்.

3. ஆட்டக்களமும் மொழியும்

அமெரிக்கக் கால்பந்தைத் தமிழில் வெறுமனே 'கால்பந்து' என்று குறித்தால் வாசகர் வேறோர் ஆட்டத்தையே மனத்தில் கொள்வர். அணிக்குப் பதினொருவர் ஆடும் இவ்வாட்டத்தில் பந்து பெரும்பாலும் கையால் ஏந்திச் செல்லப்படுகிறது அல்லது எறியப்படுகிறது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறுவதே தாக்கும் அணியின் உடனடி இலக்கு. குவார்ட்டர்பேக் ஒவ்வொரு முயற்சியிலும் குரல் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர். பந்து எங்குச் செல்ல வேண்டுமெனத் தேர்பவர். லைன்பேக்கர் தடுக்கும் அணியினர். எதிரணியின் அசைவுகளைப் பார்த்து அவர்தம் நோக்கத்தை உணர்ந்து மறிப்பவர்.

பிரையன் குவார்ட்டர்பேக்காகவும் டி.ஜே. லைன்பேக்கராகவும் அமைக்கப்பட்டமை தற்செயலன்று. சொல்லால் இயங்குபவனும் சொல்லின்றியே பிறரைப் படிக்கத் தெரிந்தவளும் எதிரெதிரே நிற்கின்றனர். அவனைப் பயிற்றியவள் ஆதலின் அவன் உடல் அடுத்து என்ன செய்யும் என்பதை அவள் அறிவாள். பயிற்சியின்போது நெருக்கத்திற்கு அடிப்படையான அவ்வறிவு, இரு அணிகளும் எதிர்நிற்கும்போது ஆயுதமாகிவிடுகிறது. மிராண்டா கென்னலியின் 'கேச்சிங் ஜோர்டன்' (2011) புதினத்தில் தலைவியே குவார்ட்டர்பேக். அணித் தலைவியும் அவளே. அங்கு, ஆணைகளைப் பிறப்பிக்கும் பெண் காதலில் என்ன ஆகிறாள் என்பது வினா. இங்கு, ஆணைகளுக்கே பழகிய பெண் தன் விருப்பத்தை எவ்வாறு அறிகிறாள் என்பது வினா.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை குவார்ட்டர்பேக், லைன்பேக்கர், டச்டவுன் ஆகியவற்றை ஒலிபெயர்த்து, அவற்றின் பொருளை நிகழ்ச்சி வருணனையால் விளக்குவதே தக்கது. உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த புனைசொற்கள் வாசகருக்கு உதவா. வினைச்சொற்களுக்கோ தமிழிலேயே வளம் உண்டு. ஓடி வருபவரை மறித்து வீழ்த்தும் செயலுக்குச் சடுகுடு ஆட்டத்தின் 'மடக்கு', 'பிடி' என்னும் சொற்கள் இயல்பாகப் பொருந்தும். விளிச்சொற்களும் கருதத்தக்கவை. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைப் பெயர், ஜிம்மி ஓட்டிடம் 'நீங்கள்' எனவும் பிரையனிடம் 'நீ' எனவும் பிரிய வேண்டும். அணித் தோழர்கள் டி.ஜே.யை எப்போது 'டா' என்று அழைக்கத் தொடங்குகின்றனர் என்பதையும் மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்யவேண்டும். இன்றைய தமிழ் இளையோர் பெண் நண்பரையும் அவ்வாறு விளிப்பதால், அவள் அணியில் ஒருத்தியாக ஏற்கப்பட்டதை அவ்வொரு விகுதியே உணர்த்திவிடும்.

4. பசுவும் மாடும்

பண்ணையில் வேலை செய்ய மனமில்லாத பிரையன், இட்ட வேலையை மறுக்காமற் செய்யும் டி.ஜே.யைப் பசுவோடு ஒப்பிட்டுப் பழிக்கிறான். இச்சொல் அவள் மனத்தில் தங்குகிறது. பின்னர்ச் சுற்றியுள்ள ஒவ்வொருவரையும் இதே உவமையால் அவள் அளக்கிறாள். எல்லாரும் தத்தமக்கு விதிக்கப்பட்ட தொழுவத்திலேயே நிற்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. கால்பந்து ஆடுவதென்ற முடிவு இவ்வெண்ணத்தின் விளைவேயாகும்.

இவ்வுவமையைத் தமிழாக்குவது எளிதன்று. ஆங்கிலத்தில் பெண்ணைப் பசு என்பது இழிவுரை. தமிழில் 'பசு' சாதுவான நல்லியல்பைச் சுட்டும். வழிபாட்டுக்குரிய விலங்கின் பெயருமாகும். சைவ சித்தாந்தத்திலோ பாசத்தால் கட்டுண்ட உயிரே பசு. கட்டுண்ட நிலை என்னும் பொருள் இக்கதைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துவதே. ஆயினும், பதினைந்து வயது உழவர் மகளின் வாயில் தத்துவச் சாயல் மிகுந்துவிடும் இடர் இதில் உண்டு. பழிப்பும் அடியோடு மறைந்துபோகும். 'மாடு' என்னும் சொல் இவ்விரு குறையையும் தவிர்க்கிறது. 'மாடு மாதிரி உழைக்கிறாள்' என்னும் வழக்கில் உழைப்பும் இழிவும் ஒருங்கே உள்ளன. 'செக்குமாடு' என்பது தன் விருப்பமின்றிச் சுற்றிவரும் நிலையைக் காட்டும்; எனினும் அது எருதையே நினைவூட்டுவதால் ஓரிடத்திற்கு மேல் உதவாது. எனவே தொழுவத்தில் 'பசு' என்றும் பிரையனின் பழிப்பில் 'மாடு' என்றும் ஆள்வது ஏற்புடையது.

பழிப்பின் கூர்மைக்குத் திணைப் பாகுபாடும் துணைநிற்கிறது. மனிதப் பெண்ணை மாடென்பது அவளை உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறக்குவதாகும். இதன் மறுதலையும் நூலில் உண்டு. தொடக்கத்தில் நோயுற்றுக் கிடக்கும் பசுவுக்கு ஜோ நேமத் என்னும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்கின் பெயர் இடப்பட்டுள்ளது. 'ஜோ நேமத் எழுந்திருக்கவில்லை' என எழுதினால், திணை பால் காட்டாத அவ்வினைமுற்று, வாசகரைச் சிறிது நேரம் மனிதரென நம்பவைக்கும். 'கிடந்தது' என்றவுடன் உண்மை வெளிப்படும். மூலத்தின் நகைச்சுவைக்குத் தமிழ் இலக்கணமே இவ்விடத்தில் கைகொடுக்கிறது.

நூலின் தலைப்பில் இத்தகைய வாய்ப்பு இல்லை. 1940-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஐஸ்கிரீம் கடைத்தொடரின் பெயரே தலைப்பாக விளையாடுகிறது. கடையின் நினைவு தமிழில் இழக்கப்படுவதே. எனினும் 'தொழுவத்து மகாராணி' என்பது போன்ற தலைப்பு, தமிழ் வீடுகளில் பெண்பிள்ளைகளைக் கேலியாக 'மகாராணி' என்னும் வழக்கால் அந்த எள்ளலையேனும் காக்கும்.

5. எழுத்தும் பேச்சும்

ஆங்கிலத் தேர்ச்சிக்காக டி.ஜே. தன் ஆசிரியைக்கு எழுதித் தரும் பள்ளி எழுத்துப்பணியே இந்நூல் என்பது இறுதியில் தெளிவாகிறது. பேசத் தெரியாத பெண், சொல்லாதவற்றை எல்லாம் எழுத்தில் சொல்லி முடித்திருக்கிறாள். நடையோ பேச்சுநடை. வாக்கியங்கள் நீள்கின்றன, கிளைக்கின்றன, தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. தமிழில் பள்ளிக்கட்டுரை எழுத்துவழக்கிலேயே அமையும் என்பது எழுதப்படாத விதி. எழுத்துவழக்கில் பெயர்த்தால் புனைவின் சட்டகம் நிற்கும், குரல் போய்விடும். முழுதும் பேச்சுவழக்கில் பெயர்த்தால் குரல் நிற்கும். ஏதேனும் ஒரு வட்டாரமோ சமூகமோ விஸ்கான்சின் பெண்மீது ஏற்றப்பட்டுவிடும். எனவே, சொல்வடிவங்களை எளிய எழுத்துவழக்கிலும் தொடரமைப்பைப் பேச்சிலும் வைப்பது ஒரு தீர்வாகலாம். பின்முன்னாக மாறும் சொல்வரிசையும் இடைச்சொற்களும் குரலைத் தாங்கும்.

'பேசாமல்' என்னும் எச்சம் இங்குச் சிறப்பாகப் பயன்படும். 'பேசாமல் வேலையைப் பார்' என்னும்போது அது மௌனத்தோடு பணிவையும் குறிக்கிறது. டி.ஜே.யின் பேசாமைக்கும் மாடு போன்ற பணிவுக்கும் உள்ள தொடர்பை மூலம் பல பக்கங்களில் வளர்க்கிறது. தமிழில் அத்தொடர்பு இவ்வொரு சொல்லுக்குள்ளேயே உள்ளது.

6. குறைகள்

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. பிரையனின் மாற்றம் விரைவாக நிகழ்கிறது. வேலைக்கு அஞ்சியவன் மிகக் குறுகிய காலத்தில் பொறுமையாகக் கேட்பவனாகிவிடுகிறான். ஆம்பரின் துன்பம் டி.ஜே.யின் அறியாமையைக் காட்டும் கருவியாகவே பெரிதும் பயன்படுகிறது. அவள் தன் குரலில் சொல்ல இடம் தரப்படவில்லை. சொல்லாமையைப் பொருளாகக் கொண்ட நூலில் இது சிறு குறையன்று. பண்ணையின் வருவாய்ச் சிக்கலும் முழுமையாக ஆராயப்படவில்லை. எனினும், உழைப்பை வருணிக்கும் பகுதிகளில் காணப்படும் துல்லியமும், தந்தையை வில்லனாக்காத நடுவுநிலையும் இக்குறைகளை ஈடுசெய்கின்றன.

முடிவுரை

'டெய்ரி குவீன்' புதினத்தில் ஒரு பெண் கால்பந்து ஆடுவது புரட்சியாகக் காட்டப்படவில்லை. அவள் தன் விருப்பத்தை முதன்முதலாகத் தெரிவிக்கும் வாக்கியமாகவே அவ்வாட்டம் அமைகிறது. அவ்வாக்கியத்தை உடலால் உரைத்தவள், அதைக் கேட்க வேண்டிய ஒருவனிடம் வாயால் சொல்லத் தவறியதே கதையின் சிக்கல். ஆதலின் இந்நூலைத் தமிழாக்குபவர் ஆட்டச் சொற்களைத் தேடுவதற்கு முன்னர்ப் பேசுதல், சொல்லுதல் ஆகியவற்றின் வேறுபாட்டையும் அவற்றின் எதிர்மறைகளையும் நூல் முழுவதும் ஒரே சீராக ஆள்வதற்குத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். இளையோர் புதினங்களும் இத்தகைய நுண்ணிய மொழியியல் நோக்கிற்கு உரியவை என்பதை இப்புதினம் உணர்த்துகிறது.