சாம்ரியின் தலை ப்ளூ-ரேயில்

பேய்ப்படம் பார்க்கத் தோதான ஊர் எது என்று கேட்டால் கனகம்மாசத்திரத்தைத் தயங்காமல் சொல்லலாம். சென்னை–திருப்பதி சாலையில் திருத்தணிக்கு முன்னால் வரும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு இருக்கிறது. தன்னைப் பேய் என்றே அழைத்துக்கொண்ட காரைக்கால் அம்மையார், நடராசரின் ஆட்டத்தைக் கண்டுகொண்டே இருந்த தலம் அது. அதை ஒட்டியிருக்கும் பழையனூரோ நீலியின் ஊர். கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறப்பிலும் விடாமல் துரத்துகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்கிறாள். அவள் சொல்லை நம்பி, அவன் உயிருக்குப் பொறுப்பேற்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும், அவனை அவள் கொன்றுவிட, மறுநாள் தீக்குளிக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆகவே இந்தியில் பேய்ப்படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ இங்கே ஓடும்போது, வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாவிட்டாலும் கதை புரிந்துவிடுகிறது. தலைமுறை தாண்டி வரும் சாபம், தவறு செய்த முன்னோர், தப்ப முடியாத சந்ததி எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவைதான்.

பார்த்தது ‘மாண்டோ மக்காப்ரோ’ நிறுவனத்தின் ‘பாலிவுட் ஹாரர் கலெக்‌ஷன்’ ப்ளூ-ரே பெட்டி. 2023-இல் வந்தது. ‘புரானா மந்திர்’ (1984), ‘தஹ்கானா’ (1986), ‘வீரானா’ (1988), ‘புரானி ஹவேலி’ (1989), ‘பந்த் தர்வாஸா’ (1990) ஆகியவற்றோடு ‘மகாகால்’ என்ற படமும் சேர்ந்து மொத்தம் ஆறு படங்கள். இதே ஆறையும் இதே நிறுவனம் முன்பு மூன்று டிவிடி தொகுதிகளாக விற்றது. பீட் டோம்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய நிறுவனம் இது. எந்த நாட்டில் கைவிடப்பட்ட திகில் படம் இருந்தாலும் தேடிப் போய் எடுத்து வருவது இவர்கள் வழக்கம். ஸ்பெயினில் விசென்தே அராந்தா எடுத்த ‘ரத்தம் தெறித்த மணமகள்’ (1972), பால் நாஷி எழுதி இயக்கி நடித்த ‘இன்குவிசிஷன்’ (1976) ஆகியவற்றை வெளியிட்ட அதே கைகள்தான் ‘புரானா மந்திர்’ படத்தின் பூதமான சாம்ரியையும் துடைத்து வெளியே கொண்டுவந்திருக்கின்றன.

ஸ்பெயின் படங்களுக்குப் பக்கத்தில் ராம்சே படங்களை வைப்பது பொருத்தமான காரியம். அங்கே சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் தணிக்கைக்குப் பயந்து, ஒரே காட்சியை உள்நாட்டுக்கு ஆடையோடும் வெளிநாட்டுக்கு ஆடை குறைத்தும் இரண்டு முறை எடுத்தார்கள். பேய்கள் உலவும் கதையை வேறு நாட்டில் நடப்பதாக மாற்றினார்கள். ராம்சேக்களுக்கோ இரண்டு தலைவலிகள்: கையில் பணம் இல்லை, எதிரே தணிக்கைக் குழு. அதற்குள் அவர்கள் கண்டுபிடித்த வழிகளைப் பார்க்கத்தான் இந்தப் பெட்டி.

குடும்பத்தின் கதையே ஒரு படம். ஃபதேசந்த் ராம்சே கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்து லாமிங்டன் சாலையில் மறுபடியும் கடை போட்டார். சினிமா எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1970-இல் வந்த ‘ஏக் நன்ஹி முன்னி லட்கி தி’ ஓடவில்லை. ஆனால் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி மாட்டிக்கொண்டு திருடப் போகும் காட்சிக்கு மட்டும் கூட்டம் வந்துபோவதை மகன்கள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியிலிருந்து பிறந்ததுதான் ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’ (1972). ஏழு அண்ணன் தம்பிகளும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். துளசியும் ஷியாமும் இயக்கம், கங்கு கேமரா, கிரண் ஒலி, குமார் கதை. மொத்தக் குழுவையும் பஸ்ஸில் ஏற்றி மகாபலேஷ்வருக்குக் கொண்டுபோய், விருந்தினர் மாளிகையில் தங்கவைத்து, செட் செலவே இல்லாமல் படத்தை முடித்தார்கள்.

கங்கு ராம்சேயின் கேமராவுக்காகவே இந்த ப்ளூ-ரேயை வாங்கலாம். இதுவரை இந்தப் படங்களைப் பெரும்பாலோர் பார்த்தது டெக் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில், அல்லது விசிடியில். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920-க்கு 1080. இருபது மடங்கு கூடுதல். கேசட்டில் பாழடைந்த மண்டபத்தின் இருட்டு முழுக்க ஒரே கருப்புச் சேறாக இருந்தது. இங்கே அந்த இருட்டுக்குள் தூண்கள் தெரிகின்றன, ஒட்டடை தெரிகிறது, புகை தனித்தனி அடுக்காக நகர்வது தெரிகிறது. ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, எதிர்ப்பக்கம் நீலம், பின்னால் பச்சை என்று கங்கு போட்ட வெளிச்சம் முன்பு வெறும் சாயம் கலங்கியதுபோல இருந்தது. இப்போது பார்த்தால், எந்த நிறம் எப்போது வரவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்த மனிதர் என்று விளங்குகிறது. இத்தாலியின் மரியோ பாவாவை இதற்காகக் கொண்டாடுகிறவர்கள் 2024-இல் மறைந்த கங்குவையும் அந்த வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.

தெளிவு கூடினால் ஒப்பனையும் அம்பலமாகும். சாம்ரியாக வரும் அஜய் அகர்வாலின் (பின்னாளில் அனிருத் அகர்வால்) நெற்றியில் ரப்பர் ஒட்டிய விளிம்பு சில நெருக்கக் காட்சிகளில் தெரியத்தான் செய்கிறது. பயம் குறையவில்லை. காரணம் அவருடைய உயரமும், ஒப்பனையே தேவைப்படாத அந்த முக எலும்பும், அவசரமே இல்லாத நடையும். ரூர்க்கியில் பொறியியல் படித்த மனிதர், ராம்சேக்களின் கண்ணில் பட்டு இந்தி சினிமாவின் மறக்க முடியாத பூதமாகிவிட்டார். வெட்டிய தலை பெட்டிக்குள் ஒரு பக்கம், உடல் வேறிடம், நடுவே காவலுக்குச் சிவன் சூலம் என்ற ஏற்பாடும் அவர் வந்த பிறகுதான் நம்பும்படி ஆகிறது.

குறைகளும் உண்டு. ‘புரானா மந்திர்’ நடுவில் ஜக்தீப் நடித்த ‘ஷோலே’ கேலிப் பகுதி கதையை நிறுத்திவைத்துவிட்டு நீண்டுகொண்டே போகிறது. அதை எந்த ரெசல்யூஷனும் காப்பாற்றாது. ‘வீரானா’வில் சதீஷ் ஷா திகில் பட இயக்குநராக வரும் பகுதி தேவலை. படங்களின் ஒலி அந்தக் காலத்து மோனோ. வசனத்தைவிடப் பாட்டும் அலறலும் ஓங்கி ஒலிக்கின்றன. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான். தமிழில் இல்லை.

வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பகுதிக் குறியீடு. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’ பகுதி, இந்தியா ‘சி’. பெட்டி அமெரிக்க வெளியீடு என்பதால், பின்னட்டையில் என்ன எழுத்து போட்டிருக்கிறது, வீட்டில் இருக்கும் பிளேயர் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை கணிசமாக ஏறும். கம்ப்யூட்டரில் ப்ளூ-ரே டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பகுதியைச் சோதிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படத்தை அது சீரியல்போல ஆக்கிவிடும். ஃபிலிமின் துகள் தெரிகிறதே என்று ஷார்ப்னஸைக் கூட்டுவதும் வேண்டாம். அந்தத் துகள்தான் படத்தின் உயிர்.

எதிலிருந்து தொடங்குவது? ‘பந்த் தர்வாஸா’. ஹாமர் கம்பெனியின் டிராகுலாவை எடுத்து, நெவ்லா என்று பெயர் மாற்றி, கருப்பு மலை, பலி, பக்தர் கூட்டம் என்று நம் மண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்து ‘புரானா மந்திர்’, பிறகு ‘வீரானா’. ‘மகாகால்’ ஹாலிவுட் பேய் ஃப்ரெடி க்ரூகரின் கத்தி விரல் கையுறையை அப்படியே மாட்டிக்கொண்டு வருகிறது, கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பார்த்து முடித்ததும் தமிழ்ப் படங்களின் நினைப்பு வராமல் போகாது. கலைப்புலி தாணு தயாரித்த ‘யார்?’ (1985), மனோபாலாவின் ‘பிள்ளை நிலா’ (1985), இயக்குநர் பேபியின் ‘மை டியர் லிசா’ (1987), ‘13-ம் நம்பர் வீடு’ (1990), ஜி.எம். குமாரின் ‘உருவம்’ (1991) என்று நம்மிடமும் ஒரு வரிசை இருக்கிறது. வேலு பிரபாகரன் ‘நாளைய மனிதன்’ (1989) படத்தில் அஜய் ரத்னத்தைச் சாகாத பிணமாக நடக்கவைத்தார். சாம்ரிக்கு எந்த வகையிலும் குறைந்த உருவம் அல்ல அது. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலத்தில் பழைய படங்கள் பல வீடுகளுக்குள் வந்தன. ஆனால் மலிவுப் பதிப்பு வேறு, மீட்டெடுப்பு வேறு. நெகட்டிவைத் தேடி, கீறல் நீக்கி, நிறம் சரிசெய்து, எடுத்தவர்களைப் பேசவைத்துப் பெட்டியில் போடும் வேலை தமிழ்ப் பேய்ப்படங்களுக்கு நடக்கவில்லை. 2012-இல் ‘கர்ணன்’ டிஜிட்டலாகித் திரையரங்குகளில் ஓடியபோது வந்த கூட்டம், பழைய படத்துக்குத் தமிழ்நாட்டில் காசு கொடுக்க ஆள் உண்டு என்று காட்டியது.

அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் வினிகர் நாற்றம் அடித்துச் சுருங்கிவிடும். சென்னைக் கிடங்குகளில் இரண்டுக்குமே பஞ்சமில்லை. துளசி ராம்சே 2018-இலும் ஷியாம் 2019-இலும் போய்விட்டார்கள். மனோபாலா 2023-இல் மறைந்தார். ‘யார்?’ படத்தின் தயாரிப்பாளர் தாணு இன்னும் படத் தொழிலில்தான் இருக்கிறார். முதல் தமிழ்ப் பெட்டியை அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம்.