காயல் துறையை மணல்தான் மூடியதா?

கொற்கை, காயல் ஆகிய பழந்துறைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் முடிவை மட்டும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து குவித்தது, கடல் பின்வாங்கியது, துறை தூர்ந்தது, வணிகம் அழிந்தது. ஊர் வரலாறுகளிலும் விழா மலர்களிலும் இவ்விளக்கமே திரும்பத் திரும்ப வருகிறது. இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. ஒரு துறையின் வாழ்வும் வீழ்ச்சியும் மணலால் மட்டும் தீர்மானிக்கப்படுமாயின், அதில் பொறுப்பேற்க வேண்டிய மனிதர் எவரும் இல்லை என்றாகிவிடும். தமிழ் முஸ்லிம்களின் கடல் வணிக வரலாற்றைப் பொறுத்தவரை இது சிறிய இழப்பன்று.

இவ்விளக்கம் பரவியதற்குக் கால்டுவெல் ஒரு முதன்மைக் காரணர். கொற்கையிலும் பழையகாயலிலும் தாம் நிகழ்த்திய ஆய்வுகளை அவர் 1877இல் ‘இந்தியன் ஆன்டிகுவாரி’ இதழில் வெளியிட்டார். 1881இல் வந்த திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அதனை விரித்தெழுதினார். மார்க்கோ போலோ கண்ட காயல் பழையகாயலே என்று அவர் முடிவு செய்தார். அங்கே நிலமெங்கும் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளை அதற்குச் சான்றாகக் காட்டினார். கொற்கை கடலை விட்டு விலகியதற்கு ஆற்று வண்டல் காரணமாகலாம், கரை உயர்ந்தது காரணமாகலாம், இரண்டுமேகூடக் காரணமாகலாம் என்று எழுதிய அளவுக்கு அவர் எச்சரிக்கையாகவே இருந்தார். பின்வந்தோர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர். துறை இடம் பெயர்ந்ததற்கு அவர் கூறிய காரணம், வணிகம் வீழ்ந்ததற்கும் காரணமாக மாறிப்போனது.

மணலின் பங்கைக் குறைத்துக் கூறுவது இங்கு நோக்கமன்று. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்தில் தாமிரபரணி பெருமளவு வண்டலை இறக்குகிறது. வெள்ளம் வடிந்த மாதங்களில் அலைகள் அதனைத் திருப்பித் தள்ளி முகத்துவாரத்தின் குறுக்கே மணல் திட்டு அமைக்கின்றன. நூற்றாண்டுகள் கழியும்போது கரை கிழக்கே நகர்கிறது. கிரேக்க நூலான பெரிப்ளூஸும் தாலமியும் ‘கொல்கோய்’ எனக் குறித்த கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் கொற்கைத் துறை தூர்ந்தபோது முத்தும் வணிகரும் மறைந்துவிடவில்லை. ஆற்றின் புதிய வாயருகே காயல் எழுந்தது. மணல் துறையை இடம் மாற்றியது, வணிகத்தை அழிக்கவில்லை. அடுத்த முறை மட்டும் மணலே வணிகத்தையும் அழித்தது என்று கொள்வதற்குத் தனிச் சான்று வேண்டும்.

காயலின் உச்சநிலையைக் காட்டும் சான்றுகள் தெளிவானவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் வரும் கப்பல்கள் இங்கே தங்கியதைக் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விரிவாகச் சொல்கிறார். கீஷ் தீவின் அதிபரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபி ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பாளராகவும் விளங்கினார். இந்தச் செல்வம் ஆற்றுவாயின் ஆழத்தால் மட்டும் வந்ததன்று. பாண்டியனின் குதிரைத் தேவை, பாரசீக வளைகுடாவின் கப்பல் வலிமை, அயலார் சமயத்தை மதித்துப் பதவியும் தந்த அரசியல் இணக்கம் ஆகிய மூன்றும் கூடி ஆக்கிய செல்வம் அது.

இம்மூன்றும் தளர்ந்த காலத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். சுந்தர பாண்டியனுக்கும் வீர பாண்டியனுக்கும் நேர்ந்த உட்பகையும், 1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பும் பாண்டியப் பேரரசைக் குலைத்தன. பின்னர் எழுந்த விஜயநகரம் தன் குதிரைகளைப் பெரும்பாலும் மேற்குக் கரைத் துறைகள் வழியாகப் பெற்றது. ஆயினும் காயல் அழியவில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹேயின் கடற்பயணங்களையொட்டிய சீனப் பதிவுகளில் அதன் பெயர் இடம்பெறுகிறது. 1516ஐ ஒட்டி எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசா, முத்து வருவாயைக் குத்தகைக்கு எடுத்து, தம்மவரின் வழக்குகளைத் தாமே தீர்த்துவந்த பெருஞ்செல்வரான ஒரு முஸ்லிமை அங்கே குறிப்பிடுகிறார்.

இக்காலத்தையொட்டி நடந்தவை முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அடங்குவன. 1510இல் கோவாவும் 1515இல் ஹொர்முஸும் போர்த்துக்கீசியர் வசமாயின. அவர்களுடைய ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் பறிமுதலுக்கு உரியதாயிற்று. 1523இல் முத்துக்குளித்துறைக்கு ஒரு போர்த்துக்கீசியக் காப்பிதான் அமர்த்தப்பட்டார். 1535 முதல் 1537 வரை பரதவர் கிறிஸ்தவம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1538இல் வேதாளைப் போரில், மரைக்காயர் தலைமையில் வந்த சாமூதிரியின் கடற்படை தோற்றது. மணல் திட்டு இத்துணை விரைவில் வேலை செய்வதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நகரும் கரையை, ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த அதிகார மாற்றத்திற்குக் காரணமாகச் சொல்வது காலக்கணக்கிற்கே பொருந்தாது.

வென்றவர்கள் தேர்ந்துகொண்ட இடங்களும் இதனையே கூறுகின்றன. போர்த்துக்கீசியர் முதலில் நிலைகொண்டது புன்னைக்காயலில். அது அதே தாமிரபரணியின் வாயில் உள்ள ஊர். வண்டல் அவர்களை அங்கிருந்து விலக்கி வைக்கவில்லை. பின்னர் முதன்மை பெற்ற தூத்துக்குடியும் ஆழமான துறையன்று. 1974இல் பெருந்துறைமுகமாக வளர்வதற்கு முன்பு, பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. அப்படியிருந்தும் 1876இல் இருப்புப்பாதை வந்தபின் பருத்தி ஏற்றுமதியில் அது செழித்தது. அதே கரையில் 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை வீழ்த்தியதும் ஆழமின்மையன்று. வெள்ளையர் நிறுவனத்தின் கட்டணக் குறைப்பும் அரசின் சிறைத்தண்டனையுமே.

தமிழகத்தின் வடகோடியும் இதற்கு ஒரு சான்று தருகிறது. ஆரணியாறு கலக்கும் பழவேற்காடு, விஜயநகரக் காலத்திலேயே மலாக்காவோடும் பெகுவோடும் துணி வணிகம் நடத்திய துறை. முஸ்லிம் வணிகர் நிறைந்த ஊர். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். ஏரி முகத்துவாரத்தின் மணல் திட்டே அதனை வீழ்த்தியது என்பர். ஆனால் அதனை விஞ்சிய சென்னைக்கு ஏரியும் இல்லை, ஆற்றுவாய்த் துறையும் இல்லை. சீறும் அலையில் மசூலாப் படகுகளை நம்பிய திறந்த கடற்கரையே இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, உள்நாட்டுச் சரக்கு எந்தக் கரையை நோக்கிச் செல்லும் என்பது இன்னும் உறுதியாயிற்று. அரக்கோணத்தின் பக்கமாக ஓடும் கொசத்தலையாறு எண்ணூரில் கடலை அடைகிறது. ஆற்றின் போக்கு அதுவாக இருக்க, சரக்கு தண்டவாளத்தின் போக்கில் சென்றது. மணல் தடுத்த இடத்தில் அதனை அகற்றவோ சுற்றிப்போகவோ முதலும் அதிகாரமும் உடையவர்க்கு வழி இருந்தது; அவை இல்லாதவர்க்கே மணல் இறுதித் தீர்ப்பாயிற்று.

இதற்கு நேரெதிரான ஒரு தவறும் உண்டு. பழியனைத்தையும் போர்த்துக்கீசியர் தலையில் ஏற்றிவிட்டு அமைதியடைவது நம்மவர் எழுத்துகளில் அரிதன்று. பரதவர் அயலாரிடம் அடைக்கலம் தேடியதன் பின்னணியில், முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்த முஸ்லிம் வணிகரோடு அவர்களுக்கு ஏற்பட்ட கடுமையான பூசல் இருந்தது. கடலில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்தவர்க்கும், கரையில் கணக்குப் பார்த்தவர்க்கும் இடையில் நீதி குன்றியபோது, புதிதாக வந்த வல்லரசுக்கு வாசல் திறந்தது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் தம் வரலாற்றின் இப்பக்கத்தையும் படித்தாக வேண்டும்.

மணல் விளக்கம் மறைக்கும் மற்றொன்று தொடர்ச்சி. துறை தூர்ந்தது என்று முடித்துவிட்டால், காயல்பட்டினத்தார் பிற்காலத்தில் இலங்கையோடு நடத்திய வணிகமும், அவர்கள் வளர்த்த அரபுத் தமிழ்க் கல்வியும் வரலாற்றில் இடமின்றிப் போகும். கால்டுவெல் பழையகாயலையே முன்னிறுத்தியதால் காயல்பட்டினம் நெடுங்காலம் ஆய்வாளரின் பார்வைக்கு வெளியே நின்றது. மெஹர்தாத் ஷொக்கூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் அவ்வூரின் கற்பள்ளிவாசல்களை ஆராய்ந்து இக்குறையை ஓரளவு போக்கினார். அரபுப் புவியியலாளரின் குறிப்புகளைத் தொகுத்து முகம்மது ஹுசைன் நயினார் 1942இல் அளித்த நூலும் முன்னோடியானது.

இனி வேண்டுவது புலம்பலன்று, தொகுப்பு வேலை. தாமிரபரணிக் கழிமுகத்தில் மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்கும் நிலவியலாரும், அரபு, பாரசீக, போர்த்துக்கீசிய ஆவணங்களைப் படிக்க வல்லோரும் ஒரே கேள்வியை முன்வைத்து உழைக்க வேண்டும். எந்த ஆண்டுகளில் வாய் தூர்ந்தது, எந்த ஆண்டுகளில் வணிகம் குன்றியது என்னும் இரண்டு கணக்குகளும் தனித்தனியே எடுக்கப்பட்டு அருகருகே வைக்கப்பட வேண்டும். வீடுகளின் பெட்டகங்களில் உறங்கும் கப்பல் கணக்குகள், கடிதங்கள், வக்ஃபு ஆவணங்கள் ஆகியவற்றைக் கரையான் தின்னும் முன் படியெடுப்பது அவ்வேலையின் முதற்படி. அதனை ஊரார்தாம் செய்ய முடியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எவரும் அந்தப் பெட்டகங்களைத் திறக்க இயலாது.