நகமும் சதையும்

திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் கிட்டார் என்றதும் பழையவர்களுக்கு நினைவு வருவது காப்போக்தான். குவாங்சோவில் செய்து வந்த அந்த மலிவு விலைக் கிட்டாரின் பெயரே மலேசியாவில் கிட்டாருக்கு மறுபெயர் ஆகிவிட்டது. கோயில் திருவிழாவுக்கு இன்னிசைக் குழு வந்தால் மேடை ஓரம் நின்று கிட்டார்க்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் நானும் ஒருவன். இரும்புத் தந்தி, கையில் பிக். நான் அறிந்த கிட்டார் அவ்வளவுதான்.

பால் மரம் வெட்டிய என் சித்தப்பா ஒருநாள் பழைய நைலான் தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தார். சத்தம் போதவில்லை என்று அதில் இரும்புத் தந்தியை மாட்டினோம். இரும்பின் இழுவை நைலானைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சில வாரங்களிலேயே அடிப்பக்கத்துப் பிரிட்ஜ், மேல்பலகையின் சிராய்களோடு பெயர்ந்து கையில் வந்தது. பெயர்ந்த இடத்தில் பலகையின் தடிமனைப் பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டை அளவுகூட இல்லை. அந்த மெல்லிய பலகையில்தான் ஸ்பானியக் கிட்டாரின் உயிர் இருக்கிறது. இன்றைய வடிவத்தை நிலைநிறுத்திய அந்தோனியோ டி டோரெஸ் (1817–1892) அதை நிரூபிக்கவே 1862-இல் பக்கமும் முதுகும் காகித அட்டையாலான ஒரு கிட்டாரைச் செய்து காட்டினார். மேல்பலகை மட்டும் நல்ல மரம்.

பலகை தச்சன் வேலை. நாதம் வாசிப்பவன் விரல்நுனியில். இங்கேதான் பாணிகள் பிரிந்தன. பெர்னாண்டோ சோர் நகம் படாமல் சதையால் மீட்டியவர். அவர் நண்பர் டியோனிசியோ அகுவாடோ நகத்தால் மீட்டியவர். கொள்கையில் எதிரெதிர், ஆனால் சேர்ந்து வாசித்தார்கள். இருவருக்குமாக ஓர் இரட்டைக் கிட்டார் உருப்படியை எழுதி அதற்கு 'இரு நண்பர்கள்' என்றே பெயரிட்டார் சோர். நகமும் சதையும் போல என்று நாம் சொல்வது இவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும். பின்னால் வந்த பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு மென்மையைத் தேடிப் போனார். மாணவர் எமிலியோ புஹோல் அவர் வழியில் நின்றார். ஆந்த்ரேஸ் செகோவியாவோ சதையில் தொட்டு நகத்தில் விடும் மீட்டைக் கைக்கொண்டு, பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் கிட்டாரைக் கேட்கவைத்தார். இன்று உலகெங்கும் பயில்வது பெரும்பாலும் அந்த வழிதான். அதுவரை குடல்நரம்பு கட்டிய கருவிக்கு, போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தி செய்ததும் அவருடைய ஊக்கத்தில்தான்.

வெறும் விரலால் மீட்டுவது நமக்குப் புதிய வழக்கல்ல. வீணை தனம்மாள் விரலில் கம்பி மாட்டாமலே மீட்டியதைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

ஸ்பெயினின் இன்னொரு பாணியான ஃபிளமெங்கோவை வாசிப்பவர்களுக்குத் தாளமே தெய்வம். சொலேயா என்ற ஃபிளமெங்கோ வகையின் 12 எண்ணிக்கைச் சுற்றில் அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். அதைக் கையால் தட்டிப் பழகாதவர் எத்தனை வேகமாக விரலோட்டினாலும் அந்த ஊரில் வித்துவான் ஆக முடியாது. சைப்ரஸ் மர உடல், தாழ்ந்த தந்திகள், பலகையில் விரல் தட்டும் ஓசை, விரல்கள் விசிறிபோல் விரியும் ரஸ்கேயாதோ மீட்டு எல்லாம் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் ஈடுகொடுக்கப் பிறந்தவை. அதன் சுரங்கள் நம் காதுக்கு நெருக்கம். ஃபிரிஜியன் என்று அவர்கள் சொல்வது நம் தோடியின் சுரங்கள்; காந்தாரத்தை அரைப்படி ஏற்றினால் வகுளாபரணம். ஃபிளமெங்கோ கலைஞர் பாக்கோ டி லூசியாவைக் கேட்கும் தமிழன் அன்னியமாக உணராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளுக்கு இந்தக் கருவியைக் கொண்டுவந்தது இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர் அவர். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டு வந்த பிறகு, கிட்டார் தெரியும் என்று சொன்ன பையனை 'இளைய நிலா வாசி' என்று சொல்லித்தான் சோதித்தார்கள். அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்தப் பாட்டின் விரலோட்டத்தை அரைகுறையாய்ப் பிடித்தவர்களே எங்கள் முதல் ஆசிரியர்கள்.

இப்போது பிள்ளைகள் எட்டு கிரேடு தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். ஒழுங்கு வருகிறது, நோட்டுப் படிக்க வருகிறது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு மூன்று உருப்படியை மட்டும் தேய்த்து மேலேறும் பிள்ளைக்குக் கை வளர்வதில்லை. ஜூலியானி 1812-இல் வெளியிட்ட 120 வலக்கைப் பயிற்சிகளைப் பாருங்கள். இடக்கைக்கு இரண்டே கார்டுகள்: சி, ஜி7. மற்றதெல்லாம் வலக்கை. சரளி வரிசை போல அதைத் தினமும் சாதகம் செய்யவேண்டும்.

ஒரே சுரத்தை விடாமல் மீட்டும் டிரெமோலோவில்தான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். கட்டைவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என்பது வரிசை. வேகமாக வாசித்தால் குறை மறையும் என்று நினைப்பார்கள். மறையாது, குதிரை நொண்டுவதுபோல் கேட்கும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, அடிக்கு ஒரே மீட்டு. மீட்டியதும் அடுத்த விரல் தந்தியில் போய் உட்கார்ந்து ஒலியை அடக்கவேண்டும். பெரும்பாலும் நடுவிரல் மட்டும் பிந்திவருவது அப்போதுதான் காதில் விழும். ஒரு மாதம் இப்படி வாசித்தால் வேகம் தானாக வரும்.

நகத்தையும் கவனிக்கவேண்டும். வலக்கையால் கனத்த வேலை செய்பவர்களுக்கு நகம் நிற்பதில்லை. சித்தப்பாவுக்கு உளி பிடித்த கை. நகம் வளர்ந்ததே இல்லை. காய்ப்புப் பிடித்த கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையால் அவர் எழுப்பிய கீழ்த்தந்தி ஒலியை, நகத்தைப் பளபளக்கத் தேய்த்துவைத்திருக்கும் என்னால் இன்றுவரை எழுப்ப முடியவில்லை. சோர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அந்த விரலைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் சிலர் இப்போது தோடியை முயன்று பார்க்கிறோம். 'ஈ'யைச் சட்ஜமாக வைத்தால் காந்தாரம் முதல் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட். வீணையில்போல் பக்கவாட்டில் இழுத்தால் நைலானில் சுரம் போதிய அளவு ஏறுவதில்லை. 1-ஆம் ஃப்ரெட்டுக்கும் 5-க்கும் இடையே விரலைச் சறுக்கித்தான் கமகம் கொடுக்கவேண்டும். வெறும் நகத்தில் மீட்டினால் மூன்றாவது அசைவிலேயே ஒலி அடங்கிவிடுகிறது. சதையில் தொட்டு நகத்தில் விட்டால் ஐந்துவரை நிற்கிறது. ஆலாபனைக்கு அது போதாது. அசைவு முறியாமல் இடையில் எங்கே மீண்டும் மீட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.