ஒரு பெயர், பல பதிவுகள்: ஸ்ரீமதுரையை முன்வைத்து இணையவழிச் சொற்றொகுதிப் பகிர்வு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதிகளை இணையத்தில் வெளியிடுவது, தமிழாய்வில் பெரும்பாலும் கலைச்சொற்பட்டியலைப் பதிவேற்றும் பணியாகவே கருதப்படுகிறது. இக்கருத்தை மறுத்து, பகிரப்பட வேண்டியது சொல்லன்று, சொல் சுட்டும் கருத்துருவே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள ஸ்ரீமதுரை என்னும் ஊர்ப்பெயரும், அப்பகுதிப் பழங்குடிகளைச் சுட்டும் ‘குறும்பர்’ என்னும் இனப்பெயரும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இருவேறு தொகுதிகளின் பதிவுகளைத் தவறாகச் சமன்படுத்துவது, இணைக்காமல் விடுவதைவிடத் தீங்கானது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி, கருத்துரு, ஸ்கோஸ், ஸ்ரீமதுரை, குறும்பர், நிகண்டு

முன்னுரை

ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களுள் ஒன்றை முதன்மைப் பெயராகவும் ஏனையவற்றை மாற்றுப் பெயர்களாகவும் வரையறுத்து, அப்பொருளுக்கும் பிற பொருள்களுக்கும் உள்ள உறவையும் பதிந்துவைப்பது கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி. நூலகத்தின் பொருள் தலைப்புகளும், ஆவணக் காப்பகத்தின் இடப்பெயர்ப் பட்டியலும், அரசின் சாதிப் பட்டியலும் இவ்வகையின. இவற்றைக் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வகையில் வெளியிடுவதற்கென ‘ஸ்கோஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் எளிய அறிவு ஒழுங்கமைப்பு முறைமையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 18இல் தன் பரிந்துரையாக ஏற்றது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பொருள் தலைப்புகளை இம்முறைமையில் இணையத்தில் வழங்கத் தொடங்கியது.

ஸ்கோஸ் முறைமையின் அடிப்படை எளியது. ஒவ்வொரு கருத்துருவுக்கும் ஒரு நிலையான இணைய முகவரி வழங்கப்படும். பெயர்கள் அம்முகவரியோடு ஒட்டப்படும் சீட்டுகள் மட்டுமே. பெயர் மாறினாலும் முகவரி மாறாது. தமிழில் நிகழும் சொற்றொகுதி முயற்சிகள் பலவற்றில் இவ்வேறுபாடு உணரப்படுவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச்சொல்லை இட்டு, அகர வரிசையில் கோப்பாக வெளியிட்டவுடன் பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. அத்தகைய கோப்பை மனிதர் படிக்கலாம். மற்றொரு தொகுதி அதனைச் சுட்டவோ அதன்மேல் எழுப்பவோ இயலாது. இக்குறைபாடு நடைமுறையில் விளைவிக்கும் இடர்களை ஒரு சிற்றூரின் பெயரிலிருந்தே காணத் தொடங்கலாம்.

எழுத்தும் அடையாளமும்

முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்தது ஸ்ரீமதுரை. இப்பெயரின் முதலெழுத்தே கணினியில் இருவகையாகப் பதிவாகக்கூடியது. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ஸகர மெய்யோடு ரீகாரத்தை இணைத்து உருவாக்குவது பழைய முறை. 2005இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்து சேர்க்கப்பட்டபின், அதன் மெய்யோடு ரீகாரத்தை இணைத்து உருவாக்கும் முறையும் வழக்கிற்கு வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். ஆயினும் கணினிக்கு இவை வேறுவேறு எழுத்துத் தொடர்கள். யூனிகோடு வரையறுக்கும் இயல்பாக்க முறைகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. எனவே ஒருவர் ஒரு முறையில் தட்டச்சிட்ட ஸ்ரீமதுரையை மற்றொரு முறையில் தேடுபவர் காணாமல் போகலாம். கண்ணுக்கு ஒன்றாகவும் எந்திரத்திற்கு இரண்டாகவும் இருக்கும் இப்பெயரோடு, கிரந்தம் தவிர்த்து எழுதும் ‘சிறீமதுரை’ போன்ற வடிவங்களையும், சேர்த்தும் பிரித்தும் எழுதும் ரோம எழுத்து வடிவங்களையும் கூட்டினால் சிக்கல் பெருகும்.

எழுத்துக்கூட்டலைத் தரப்படுத்துவது இதற்குத் தீர்வாகாது. முன்னரே பதிவான ஆவணங்களை எத்தரப்படுத்தலும் திருத்திவிடாது. ஸ்கோஸ் முறைமை இதற்கென ‘மறைபெயர்’ என்னும் வகையை வைத்துள்ளது. காட்சிப்படுத்தத் தகாத, ஆனால் தேடலில் அகப்பட வேண்டிய வடிவங்கள் அவ்வகையில் அடங்கும். பிழை வடிவத்தை ஒதுக்குவதைவிட, அதனையும் அதற்குரிய இடத்தில் வைத்துக் காப்பதே சொற்றொகுதியின் பணி.

பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றாதல் வேண்டும் என்பதும் இல்லை. ஒன்றிய அரசின் உள்ளாட்சிக் குறியெண் கோவை, வருவாய்க் கிராமங்களுக்கும் கிராம ஊராட்சிகளுக்கும் தனித்தனிக் குறியெண்களை வழங்குகிறது. ஒரே பெயருடைய கிராமமும் ஊராட்சியும் எல்லையால் வேறுபடலாம். ஊர்ப்பெயரை மட்டும் குறிக்கும் ஓர் ஆய்வேடு, தன் தரவு எவ்வெல்லைக்கு உரியது என்பதைச் சொல்லாமலேயே விடுகிறது.

காலத்தால் மாறும் மேற்கருத்து

சொற்றொகுதியில் ஓர் ஊரின் மேற்கருத்தாக வட்டமும், அதன் மேற்கருத்தாக மாவட்டமும் அமையும். கூடலூர்ப் பகுதியை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரி மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. 1956இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது மலபார் கேரளத்தோடு இணைந்தது; கூடலூர் தமிழ்நாட்டிலேயே நின்றது. ஆகவே இப்பகுதி குறித்த 1877க்கு முற்பட்ட நிர்வாக ஆவணங்களை ‘நீலகிரி’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் தேடும் ஆய்வாளர், இல்லாத இடத்தில் தேடுபவராகிறார்.

இவ்விடத்தில் ஸ்கோஸ் முறைமையின் வரம்பும் புலனாகிறது. மேற்கருத்து, கீழ்க்கருத்து என்னும் உறவுகளுக்குக் கால எல்லை குறிக்கும் வழி அதன் அடிப்படை அமைப்பில் இல்லை. வரலாற்றுக் குறிப்பாக உரைநடையில் எழுதலாம். எந்திரம் அதனை உணராது. முறைமையைப் பின்பற்றுவது ஒன்றே போதுமானது என்னும் நம்பிக்கைக்கு இது மறுப்பாகிறது. தமிழக இடப்பெயர்களுக்கான தொகுதியொன்று உருவாகுமாயின், மலபார் மாவட்டத்துத் தென்கிழக்கு வயநாட்டையும் இன்றைய கூடலூர் வட்டத்தையும் தனித்தனிக் கருத்துருக்களாகக் கொண்டு அவற்றிடையே தொடர்பை நிறுவுவதே பொருத்தமாகும்.

ஒரே சொல், வேறு பொருள்

ஊர்ப்பெயரில் நிகழும் பிழை தேடலைக் கெடுக்கும். இனப்பெயரில் நிகழும் பிழை மனிதரின் உரிமை நிலையையே திரித்துக்காட்டும்.

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளுள் ‘நீலகிரி மாவட்டக் குறும்பர்’ என்பது ஒரே பதிவு, காட்டுநாயக்கர் தனிப்பதிவு. பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், ஆலுக்குறும்பர் ஆகியோர் குறும்பர் என்னும் ஒரு பதிவின்கீழ் அடங்குகின்றனர். ஆனால் 2007இல் வெளியான மொழிக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரம், பெட்டக்குறும்பா, முள்ளுக்குறும்பா, ஆலுக்குறும்பா, ஜேனுக்குறும்பா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு வழங்குகிறது. அரசுப் பட்டியலுக்கு ஒன்றாக இருப்பது மொழியியலுக்குப் பலவாகிறது. இரண்டும் தத்தம் நோக்கில் பிழையற்றவை. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே பிழை.

மாநில எல்லையைக் கடந்தால் வேறுபாடு கூர்மையடைகிறது. கேரளப் பட்டியலில் முள்ளுக்குறுமர், குறுமர் என்னும் பதிவின்கீழ் வருகின்றனர். அங்குக் குறும்பர் என்பது வேறு பதிவு. நலிவுக்கு உள்ளாகும் பழங்குடியினர் என்னும் சிறப்பு நிலை கேரளத்தில் குறும்பருக்கு உண்டு, குறுமருக்கு இல்லை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு குறும்பருக்கும் அந்நிலை உண்டு. ஆக, ‘குறும்பர்’ என்னும் ஒரே சொல் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருவேறு மக்கள் தொகுப்பைச் சுட்டுகிறது. முள்ளுக்குறும்பர், முள்ளுக்குறுமர் என்னும் இருவேறு பெயர்களோ எல்லையின் இருபுறமும் வாழும் ஒரு சமூகத்தைச் சுட்டுகின்றன. பெயரை மட்டும் பொருத்தித் தரவுகளை இணைக்கும் ஒருவர் முதலதில் இல்லாத ஒற்றுமையைப் படைப்பார். இரண்டாவதில் உள்ள ஒற்றுமையைத் தவறவிடுவார்.

நிகண்டு மரபும் அகராதி மரபும்

கருத்துருவை முன்னிறுத்தும் அமைப்பு தமிழுக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் தொகுதிகளை அமைத்து, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. ஒரு சொல் பல பொருள் தருவதற்கு அதன் 11ஆம் தொகுதியைத் தனியே ஒதுக்கியுள்ளது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுத்து வரிசையை முதன்மைப்படுத்தியது முதல், சொல்லைத் தேடிப் பொருளை அடையும் முறை வலுப்பெற்றது. இன்றைய கலைச்சொற்பட்டியல்கள் இவ்வகராதி மரபின் தொடர்ச்சி.

ஆயினும் நிகண்டையே இக்காலச் சொற்றொகுதியின் முன்னோடி எனப் பெருமிதத்தோடு முடித்துவிடுவது ஆய்வாகாது. நிகண்டு பெயர்களைக் கூட்டுகிறது. அவற்றுள் முதன்மைப் பெயரை அறிவிப்பதில்லை. வேறொரு தொகுப்பின் பதிவோடு தன் பதிவை எண்ணிட்டு இணைப்பதும் இல்லை. அப்பழக்கத்திற்குப் பொருத்தமான சான்று பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் உள்ளது. நீலகிரி மொழிகளில் எமனோ நிகழ்த்திய களப்பணியின் தரவுகளையும் உள்ளடக்கிய அவ்வகராதி 1961இல் வெளிவந்தது. 1984இன் இரண்டாம் பதிப்பில் பதிவெண்கள் மாறின. ஆயினும் பதிவின் இறுதியில் பழைய எண்ணும் தரப்பட்டது. பழைய எண்ணை மேற்கோளிட்ட ஆய்வுகள் இதனால் அறுபடாமல் நின்றன. ஆய்வாளர்கள் இன்றும் சொல்லைக் குறிப்பதோடு அப்பதிவெண்ணையும் குறிக்கின்றனர். இணையத்திற்கு முன்பே திராவிட மொழியியல் கைக்கொண்ட இவ்வொழுங்கைத் தமிழ்ச் சொற்றொகுதிகள் பின்பற்றாமைக்குத் தொழில்நுட்பக் குறைவைக் காரணமாகக் காட்ட இயலாது.

இணைப்பும் பொறுப்பும்

இரு தொகுதிகளின் கருத்துருக்களை இணைக்க ஸ்கோஸ் பலவகை உறவுகளைத் தருகிறது. முற்றும் ஒத்தது, ஏறத்தாழ ஒத்தது, விரிந்தது, குறுகியது என்பன அவற்றுள் சில. முற்றும் ஒத்தது என்னும் உறவு கடந்து செல்லும் இயல்புடையது. அ என்பது ஆவுக்கும், ஆ என்பது இக்கும் முற்றும் ஒத்தவை எனில், அ இக்கும் ஒத்தது என எந்திரம் முடிவுசெய்யும். ஏறத்தாழ ஒத்தது என்னும் உறவுக்கு இவ்வியல்பு இல்லை.

இந்நுட்பத்தின் விளைவு பெரிது. கேரளக் குறுமர் தமிழ்நாட்டுக் குறும்பருக்கு முற்றும் ஒத்தவர் என ஒரு தொகுதியும், தமிழ்நாட்டுக் குறும்பர் கேரளக் குறும்பருக்கு முற்றும் ஒத்தவர் என மற்றொரு தொகுதியும் பதிந்தால், கேரளத்தில் தனித்தனியே பட்டியலிடப்பட்ட இரு சமூகங்கள் ஒன்றாகிவிடும். எவரும் சொல்லாத பொய்யை எந்திரம் சொல்லும். அச்சிட்ட நூலின் பிழை அந்நூலோடு நிற்கும்; இணைக்கப்பட்ட தொகுதியின் பிழை, அதனைப் பயன்படுத்தும் தொகுதிதோறும் பெருகும். எனவே ‘மறுபயன்பாடு’ என்பது நன்மையை மட்டும் பரப்புவதன்று. கர்நாடகத்தின் ஜேனுக்குறுபரையும் தமிழ்நாட்டின் காட்டுநாயக்கரையும் இணைக்கும்போது ஏறத்தாழ ஒத்தது என்பதோடு நின்று, காரணத்தைக் குறிப்பில் எழுதுவதே பொறுப்பான செயல்.

முதன்மைப் பெயரை யார் தீர்மானிப்பது என்னும் வினாவும் இதனோடு இயைந்தது. ஒரு மொழிக்கு ஒரு முதன்மைப் பெயரே உண்டு என்பது ஸ்கோஸின் விதி. இவ்விதி ஒரு கட்டுப்பாடாயினும் அதனுள்ளேயே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என மொழிக்குறியீட்டைப் பிரித்தால் ‘இயற்பியல்’, ‘பௌதிகவியல்’ இரண்டும் ஒரு கருத்துருவின் சமநிலை முதன்மைப் பெயர்களாகலாம். அவ்வாறே பெட்டக்குறும்பாவின் மொழிக்குறியீட்டோடு தமிழ் எழுத்துக்கான குறியீட்டையும் சேர்த்தால், அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் தமிழ்ப்பெயருக்குக் கீழ்ப்பட்ட மாற்றுப் பெயராகாமல் தன் மொழியில் முதன்மைப் பெயராகவே நிற்கும். பிறர் இட்ட பெயராலேயே ஆவணங்களில் வாழ்ந்துவரும் சமூகங்களுக்கு இது சிறு செய்தியன்று.

முடிவுரை

ஸ்ரீமதுரையும் குறும்பரும் காட்டும் சிக்கல்கள் நீலகிரிக்கு மட்டும் உரியவை அல்ல. அங்கு மூன்று மாநிலங்களும் பல மொழிகளும் சந்திப்பதால் அவை எளிதில் புலப்படுகின்றன. தமிழில் சொற்றொகுதி வெளியிடும் நிறுவனங்களும் ஆய்வுத் திட்டங்களும் குறைந்த அளவு சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கருத்துருவுக்கும் மாறாத அடையாள முகவரி, அதன் எல்லையை விளக்கும் குறிப்பு, பெயர் பெறப்பட்ட மூலம், கைவிடப்பட்ட பதிவையும் அழிக்காமல் புதியதற்கு வழிகாட்டும் ஏற்பாடு, மறுபயன்பாட்டிற்கான வெளிப்படையான உரிமம் ஆகியவை அவை. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

இவை இல்லாத பட்டியல் எத்தனை இலட்சம் சொற்களைக் கொண்டிருப்பினும் படிக்கத்தக்க பட்டியலாகவே நிற்கும்; பகிரத்தக்க தொகுதி ஆகாது. சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு தொகுதியை மதிப்பிடுவதை விடுத்து, அதன் ஒரு பதிவை மற்றோர் ஆய்வாளர் ஐயமின்றிச் சுட்ட முடிகிறதா, அப்பதிவு சுட்டும் மக்கள் தம்மை அதில் காண முடிகிறதா என்னும் இரு வினாக்களால் மதிப்பிடுவதே தகும்.