பயணக் குழுவிலிருந்து வரும் ஜெபக் கடிதம்: ஒரு திறனாய்வு

நமது ஆலயங்களின் அறிவிப்புப் பலகையிலும், ஆயரின் மேசையிலும், இப்பொழுது கைபேசியிலும் தவறாமல் வந்து சேரும் ஒருவகை எழுத்து உண்டு. கல்லூரிப் படிப்பை முடித்து, ஓராண்டோ ஈராண்டோ அருள்பணிப் பயிற்சிக் குழுவொன்றில் சேர்ந்து ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் செல்லும் இளைஞர், தம்மைத் தாங்குவோருக்கு எழுதும் ஜெபக் கடிதமே அது. நாம் அதனை வாசிக்கிறோம். ஞாயிறு ஆராதனையில் அதிலுள்ள விண்ணப்பங்களை அறிவிக்கிறோம். அதன்பின் கோப்பில் வைத்துவிடுகிறோம். இறையியல் திறனாய்வுக்கு உரிய எழுத்தாக அதனை நாம் கருதுவது அரிது. ஆயினும், அக்கடிதம் வாசிப்பவருக்குச் செய்தி கொண்டுவருவதோடு நின்றுவிடுவதில்லை; எழுதுபவரையும் அது உருவாக்குகிறது. எதனை எழுத அதில் இடமுண்டோ அதனையே காண அவர் பழகிவிடுகிறார். எதற்கு அதில் இடமில்லையோ, அதனைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளவும் இயலாதவராகிறார். இதனையே ஈண்டு நாம் ஆராய விழைகிறோம்.

குழு வாழ்வின் இயல்பு

இத்தகைய குழுக்கள் இன்றைய வடிவில் தோன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகும். 1957ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்க மாணவர், நண்பர் இருவருடன் நற்செய்திப் பிரதிகளை ஏற்றிக்கொண்டு மெக்சிகோ நாட்டிற்குச் சென்றார். அதிலிருந்து வளர்ந்ததே ஆபரேஷன் மொபிலைசேஷன் இயக்கம். 1960இல் லோரன் கன்னிங்காம் யூத் வித் எ மிஷன் இயக்கத்தைத் தொடங்கினார். இவ்விருவரும் 2023இல் மறைந்தனர். அவர்கள் வகுத்த பயிற்சி முறையோ இன்றும் நடைபெறுகிறது. முந்திய இயக்கம் 1970இல் டென்மார்க் நாட்டுக் கப்பலொன்றை வாங்கி, லோகோஸ் எனப் பெயரிட்டது. 1971இல் அக்கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டு, சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்தமையால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து டூலோஸ், இரண்டாம் லோகோஸ் ஆகிய கப்பல்களும், 2009 முதல் லோகோஸ் ஹோப் கப்பலும் கடலோடின. பிந்திய இயக்கத்தின் சீஷத்துவப் பயிற்சிப் பள்ளியில் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பும், இரண்டு அல்லது மூன்று மாதம் வெளியூர்க் களப்பணியும் அமைகின்றன.

கப்பலில் பணிபுரியும் இளைஞருக்கு ஊதியம் இல்லை. அவரவர் செலவை அவரவர் தாய்ச் சபையும் நண்பரும் தாங்குகின்றனர். பல நாட்டினர் நெருங்கிய சிறு அறைகளில் ஒன்றாய் உறங்குகின்றனர். நாளின் பெரும்பொழுது பிரசங்கத்தில் கழிவதில்லை; இயந்திர அறையிலும், சமையற்கூடத்திலும், துணி வெளுக்குமிடத்திலும், புத்தக அடுக்குகளுக்கிடையிலுமே கழிகிறது. துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதும், நூற்றுக்கணக்கான தட்டுகளைத் துலக்குவதும் அவர்களுக்கு அன்றாடக் கடமை. மொழி புரியாத தோழருடன் பிணக்குற்று, மாலைக்குள் ஒப்புரவாகும் வரை உறங்க இயலாத இரவுகளும் உண்டு. நம் கருத்தில், இப்பயிற்சியின் சிறந்த பகுதி இதுவே. ஓர் இறையியல் கல்லூரியின் விடுதி வாழ்வும் இவ்வளவு நெருக்கமாக ஒருவரையொருவர் தாங்கக் கற்பிப்பதில்லை.

கடிதத்தில் வருவதும் வராததும்

இவ்வாழ்விலிருந்து வரும் கடிதமோ வேறொரு வாழ்வைக் காட்டுகிறது. அதன் அமைப்பு நமக்கெல்லாம் பழக்கமானது. முதலில் ஒரு திருமறை வசனம், அடுத்து வாழ்த்து, பின்னர் குழு சென்ற ஊர்களின் பெயர்கள், கொடுக்கப்பட்ட பிரதிகளின் தொகை, கூட்டத்தில் கையுயர்த்தியோர் தொகை, மனமாறிய ஒருவரைப் பற்றிய சிறு சாட்சி, "திறந்த வாசல்" என்ற தொடர், இறுதியில் ஸ்தோத்திரக் குறிப்புகள், ஜெபக் குறிப்புகள், பணம் அனுப்பும் விவரம். பெயரை மறைத்துவிட்டால் ஒருவர் கடிதத்தை மற்றொருவர் கடிதத்திலிருந்து பிரித்தறிவது கடினம். பத்தொன்பது வயது இளைஞரின் சொந்தக் குரல் அதில் கேட்பதில்லை.

தட்டுத் துலக்கியதும், தோழருடன் பிணங்கியதும், ஜெபிக்க மனமில்லாதிருந்ததும் அதில் இடம்பெறுவதில்லை. குழு வருமுன்னே அவ்வூரில் ஐம்பது ஆண்டுகளாக விளக்கேற்றி வந்த சிறு சபையும், குழுவினர்க்குச் சோறு சமைத்த அதன் பெண்களும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவ்வூர் "இருளில் கிடக்கும் ஊர்" என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. இப்பொழுது நிழற்படங்களும் சேர்ந்துகொள்வதால், பெற்றோரின் இசைவு கேளாமலே ஏழைப் பிள்ளைகளின் முகங்கள் தூர நாடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

இவ்வாறு ஈராண்டு பணிசெய்து திரும்பிய இளைஞர் ஒருவர், ஆராதனைக்குப் பின் ஆடையறையில் எம்மிடம் இவ்வாறு கூறியது உண்டு: "ஐயா, இருபத்திரண்டு கடிதம் எழுதினேன். அதில் நான்கு மாதம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. அதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாருக்கு அனுப்புவது?" அவர் பொய் எழுதியவர் அல்லர். அவர் எழுதிய ஒவ்வொரு செய்தியும் உண்மையே. உண்மையில் பாதியை ஏற்கும் எழுத்து வடிவமொன்று அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

காரணங்கள்

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஜெபமும் பணமும் ஒரே கடிதத்தில் கேட்கப்படுகின்றன. தாங்குவோர் மனம் தளர்ந்தால் அடுத்த மாதச் செலவுக்கு வழியில்லை என்பதை எழுதுபவர் அறிவார். ஆகவே, வாசிப்போருக்கு மகிழ்ச்சி தருவதை முன்வைக்கிறார். செல்வமுள்ள நாட்டு இளைஞருக்கு இது மெல்லிய நெருக்கடி. நம் நாட்டுக் கிராமச் சபையிலிருந்து செல்லும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கோ இது கடும் நெருக்கடி.

இரண்டாவது, பயணத்தின் விரைவு. ஒரு துறைமுகத்தில் சில வாரங்கள், ஓர் ஊரில் சில நாட்கள் என்று நகரும் குழு, தொடக்கங்களையே காண்கிறது. கையுயர்த்தியவர் அடுத்த ஆண்டு என்னவானார் என்பதைக் காண அது அங்கு இருப்பதில்லை. காணக் கிடைப்பதெல்லாம் எண்ணிக்கை ஆதலால், எண்ணிக்கையே எழுதப்படுகிறது.

பெருந்துன்பங்களை இவ்வியக்கங்கள் மறைத்ததில்லை என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். 1988 ஜனவரியில் லோகோஸ் கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் பாறையில் மோதி அழிந்தது. அதிலிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். 1991 ஆகஸ்டு மாதம் பிலிப்பைன்ஸின் சாம்போவாங்கா நகரில், டூலோஸ் குழுவினரின் நிகழ்ச்சியின்போது கையெறி குண்டு வீசப்பட்டதில், ஸ்வீடன் நாட்டவரும் நியூசிலாந்து நாட்டவருமான பெண் ஊழியர் இருவரும், அவ்வூர் மக்கள் சிலரும் மாண்டனர். இவை உலகெங்கும் அறிவிக்கப்பட்டன. சபைகள் உடன் அழுதன. பெருந்துன்பத்துக்கும் பெருவெற்றிக்கும் கடிதத்தில் இடம் உண்டு. இடமில்லாதது சிறு தோல்விக்கே. இளைஞர் நம்பிக்கை இழப்பதோ பெரும்பாலும் சிறு தோல்விகளினாலேயே.

தரங்கம்பாடி தரும் பாடம்

இச்சிக்கல் நமது மண்ணுக்குப் புதியதன்று. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் இளைஞரே. அவரும் அவருக்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்களை, ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே 1710 முதல் தொகுத்து அச்சிட்டார். அவற்றை வாசித்தோரே பணிக்குப் பொருளும் தந்தனர். சீகன்பால்கு நம் மக்களிடம் அமர்ந்து கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி 1713இல் அனுப்பியபோது, ஹாலே அதனை வெளியிடவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பதே அங்கிருந்தோர் எண்ணம். அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். எழுதியவர் மறைந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின்னர். அனுப்பியவர்கள் கேட்க விரும்பாததை, அங்கு வாழ்ந்தவர் கற்றிருந்தார். வாசிப்போரின் விருப்பமே எதை வெளியிடுவது என்பதைத் தீர்மானித்தது. இன்றைய இளைஞரின் கடிதத்துக்கு ஹாலேயின் பதிப்பாசிரியர் தேவையில்லை. அவர் தமக்குள்ளேயே அப்பதிப்பாசிரியரைச் சுமந்து செல்கிறார்.

திருமறையின் அளவுகோல்

பயணக் குழுவின் அறிக்கைகளைத் திருமறை பல இடங்களில் நமக்குக் காட்டுகிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில், அனுப்பப்பட்ட எழுபதுபேரும் மகிழ்ச்சியுடன் திரும்பி, பேய்களும் தங்களுக்குக் கீழ்ப்படிந்தன என்கின்றனர். இயேசு அவ்வெற்றியை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மகிழ்ச்சியின் அடிப்படையை மாற்றுகிறார்: விண்ணகத்தில் தங்கள் பெயர் எழுதப்பட்டிருப்பதே அவர்களது மகிழ்ச்சிக்குக் காரணமாகட்டும் என்கிறார். அதாவது, அறிக்கையின் நன்மை தீமையால் அனுப்பப்பட்டவரின் மதிப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அருள்பணி அறிக்கையைப் பற்றிய முதல் திறனாய்வு ஆண்டவருடையதே எனலாம்.

பவுலடியார் துரோவாவில் தமக்கு வாசல் திறக்கப்பட்டிருந்தும், தீத்துவைக் காணாமையால் உள்ளத்தில் அமைதியின்றி அவ்விடம் விட்டுச் சென்றதாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 2:12, 13). திறந்த வாசலைப் பற்றி எழுதும் நம் இளைஞருள், அவ்வாசலை விட்டுச் சென்றேன் என்று எழுத எவர் துணிவார்? பிலிப்பி சபை அனுப்பிய எப்பாப்பிரோதீத்து நோயுற்று, தம் நோயைத் தாய்ச் சபை கேள்விப்பட்டதை எண்ணி வருந்துகிறார். பவுல் அவரைத் திருப்பியனுப்பி, முழு மகிழ்ச்சியுடன் ஏற்றுக் கனப்படுத்துமாறு கேட்கிறார் (பிலிப்பியர் 2:25-30). பெர்கேயில் குழுவை விட்டுத் திரும்பிய மாற்குவின் பொருட்டுப் பவுலும் பர்னபாவும் பிரிந்தனர். ஆயினும் பிற்காலக் கடிதம் அதே மாற்குவைப் பணிக்குப் பயனுள்ளவர் என்கிறது (2 தீமோத்தேயு 4:11). திரும்பி வந்தவர் வளர இடமும் காலமும் கிடைத்தமையாலேயே அவ்வாறு கூற முடிந்தது.

அந்தியோக்கியாவின் முறையும் கவனிக்கத்தக்கது. பயணம் முடிந்த பவுலும் பர்னபாவும், தங்களை அனுப்பிய சபையைக் கூட்டி நேரில் அறிவித்தனர். அதன்பின் நெடுநாள் அச்சபையுடன் தங்கினர் (அப்போஸ்தலர் 14:27, 28). அறிவிப்பும் தங்குதலும் அங்குப் பிரிக்கப்படவில்லை. தங்குவதால் சபை அவர்கள் சொன்னதைப் பார்க்கிலும் சொல்லாததையும் அறிந்துகொள்ள வாய்ப்புண்டு.

நம் கடமை

தாங்குவோர் சோர்ந்துபோவர், ஆகவே ஊக்கமூட்டும் செய்தியே தேவை என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஒவ்வொரு வேதனையையும் ஊரறிய எழுதுவதும் முறையன்று. ஆனால், தோல்வியைக் கேட்டதும் ஜெபத்தை நிறுத்தும் சபை, வெற்றியைக் கேட்டபோதும் உண்மையில் ஜெபித்திருக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயர் மெய்யாக வேண்டுமாயின், ஜெபம் தேவைப்படும் இடம் அதில் எழுதப்பட வேண்டும்.

ஆகவே, பரிந்துரைக் கடிதத்தில் கையொப்பமிடும் ஆயர்களும், நாளை கையொப்பமிடப் போகும் இறையியல் மாணவர்களும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். இளைஞர் புறப்படுமுன், அவர்களுக்கான தாங்குதல் கடிதத்தின் இனிமையைப் பொறுத்ததன்று என்பதைச் சபைக்குழு வெளிப்படையாகச் சொல்லட்டும். ஓராண்டுக்குரிய தொகையை முன்னரே ஒதுக்கி வைப்பது அதற்குச் சிறந்த சான்று. பொதுக் கடிதத்தோடு, ஆயருக்கு மட்டும் எழுதும் தனிக் கடிதமும் இருக்கட்டும். அதற்குத் தவறாமல் விடை செல்லட்டும். எத்தனை பேர் என்று கேட்பதை விட்டு, உம்மை யார் உபசரித்தார், அவ்வூர்ச் சபையிடம் என்ன கற்றீர், உம் தோழருடன் ஒப்புரவானீரா என்று நாம் கேட்போமாக. எழுதுவோருக்கு ஓர் அளவுகோலையும் கொடுப்போமாக: எவ்வூரைப் பற்றி எழுதுகிறீரோ, அவ்வூரார் நடுவில் நின்று இக்கடிதத்தை உரக்க வாசிக்க உம்மால் கூடுமா? கூடாதெனில் அதனைத் திருத்தி எழுதுவீராக.

அவர்கள் திரும்பி வரும் நாளில் பத்து நிமிடச் சாட்சியோடு அனுப்பிவிடாது, ஞாயிறு பள்ளியிலும் இளைஞர் ஐக்கியத்திலும் ஏற்ற பணி தந்து, அவர்கள் நெடுநாள் நம்முடன் தங்க இடம் செய்யவேண்டும். காலக்கெடுவுக்கு முன் திரும்புவோருக்கு இது இரட்டிப்பாய்த் தேவை. நான்கு மாதம் ஜெபிக்க இயலாதிருந்த இளைஞர் அச்செய்தியை அந்த நான்கு மாதத்திற்குள்ளேயே நமக்கு எழுதக்கூடுமானால், நம் சபை அனுப்பும் சபை என்ற பெயருக்குத் தகுதி பெற்றதாகும்.