விடை தராத பாடநூல்: ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் பாடத்திட்ட அமைப்பு – ஒரு திறனாய்வு

உயர் தொடக்கநிலை வகுப்புகளுக்கு வினவல்வழிக் கற்றலைத் திட்டமிடுதல் குறித்த விவாதம் பெரும்பாலும் பாடவேளைக்குரிய செயல்பாடுகளின் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. எந்தப் பாடத்திற்கு எந்தச் சோதனை என்பது முடிவானால் பாடத்திட்டம் உருவாகிவிட்டதாகக் கருதப்படுகிறது. இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தும் வலுவான சான்று மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டமாகும். கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப்பள்ளிகளில் இதனைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டத்தின் நடுநிலைப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனை முன்னெடுத்தது. 2002இல் மாநில அரசு நிறுத்தியது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், அதுவும் அரசுப் பள்ளி அமைப்பின் உள்ளேயே, 30 ஆண்டுகள் நீடித்த முயற்சி என்பதே இதன் தனித்தன்மை.

‘இளம் விஞ்ஞானி’ எனப் பொருள்படும் ‘பால் வைக்ஞானிக்’ நூல்கள் சோதனைக்கான வழிமுறைகளையும் வினாக்களையும் தருகின்றன, விடைகளைத் தருவதில்லை. மாணவர் செய்து பார்த்து, விவாதித்துத் தம் குறிப்பேட்டில் எழுதுவதே விடை. ஆகவே அச்சிட்ட நூல் பாடநூலின் ஒரு பாதி, குறிப்பேடு மறுபாதி. நீளம் அளக்கும் பாடத்தை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். ஒரே மேசையைப் பலர் அளக்கும்போது அளவுகள் சற்றே மாறுபடுகின்றன. வழக்கமான வகுப்பறை ‘சரியான’ அளவை அறிவித்து மற்றவற்றை அழித்துவிடும். இங்கோ அம்மாறுபாடே பாடப்பொருளாகிறது.

வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், துறைக்குப் புதியவர்களுக்குப் பயனளிப்பதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் வாதிட்டனர். இத்திட்டத்தின் மீது அவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. இந்நூல்கள் மாணவரைத் திசையின்றி விடவில்லை. வினாக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்குமாறு கோக்கப்பட்டுள்ளன. ஆனால் இதிலிருந்தே வேறொரு குறை தலைதூக்குகிறது: வினா யாருடையது? விடை மாணவருடையதாக இருப்பினும் வினா நூலாசிரியருடையதே. மாணவர்கள் தம் சொந்த ஐயங்களை எழுதி அனுப்புவதற்குச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரம் உருவாக்கப்பட்டது. கடிதங்களுக்கு மறுமொழியும் சென்றது. இது பொதுவாகத் திட்டத்தின் இனிய கூறாக மட்டுமே பாராட்டப்படுகிறது. பாராட்டத் தக்கதுதான். எனினும் பாடத்திட்டத்திற்குள் இடம்பெறாத வினாக்கள் அஞ்சல் வழியே வெளியேறின என்றும் இதனை வாசிக்கலாம். வகுப்பறைக் கால அட்டவணையில் அவற்றுக்கென ஒரு பாடவேளை ஒதுக்கப்பட்டிருந்தால் திட்டத்தின் இயல்பே மாறியிருக்கக்கூடும்.

ஆசிரியர் பயிற்சி, மாதாந்திரக் கூட்டம், சோதனைப் பொருள்களடங்கிய பெட்டி ஆகியவை பலராலும் விளக்கப்பட்டவை. அவற்றினும் துணிவானது தேர்வுச் சீர்திருத்தம். 8ஆம் வகுப்பு இறுதித் தேர்வில் மாணவர் நூலையும் குறிப்பேட்டையும் திறந்துவைத்தே எழுதினர். செய்முறைத் தேர்வும் நடந்தது. பார்த்து எழுதினால் விடை கிடைக்காத வினாக்களை ஆண்டுதோறும் உருவாக்குவது எளிய பணியன்று. நினைவாற்றலை அளக்கும் தேர்வு அப்படியே தொடர்ந்திருந்தால், மேசையளவின் மாறுபாட்டைப் பற்றிப் பேச எந்த ஆசிரியரும் ஒரு பாடவேளையைச் செலவிட்டிருக்கமாட்டார்.

ஆயின் இச்சீர்திருத்தம் 8ஆம் வகுப்போடு நின்றது. 9ஆம் வகுப்பில் மாணவர் எதிர்கொண்டது வழக்கமான பாடநூலும் வழக்கமான தேர்வும். மூன்றாண்டுகள் குறிப்பேட்டை நம்பிப் பழகியவரிடம் திடீரென வரையறைகள் கேட்கப்பட்டன. பாடப்பொருள் குறைவு, மேல்வகுப்பில் பிள்ளைகள் பின்தங்குவர் என்னும் குற்றச்சாட்டுகள் கூர்மை பெறுவதற்கு இவ்விடைவெளி வாய்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டு முடிவை அரசியல் தலையீடாக மட்டுமே காணும் ஆதரவாளர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அரசியல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த வகுப்பைக் குறித்த பெற்றோரின் அச்சம் அறியாமையன்று. பள்ளி அமைப்பை நன்கறிந்தோரின் கணிப்பு. திட்டம் 6ஆம் வகுப்பின் நுழைவாயிலைச் செப்பமாக அமைத்தது. 9ஆம் வகுப்பிற்குச் செல்லும் வாயிலைப் பிறர் பொறுப்பில் விட்டிருந்தது.