சாதா தண்ணீர்

"வாட்டர் பாட்டில் வைக்கவா சார், சாதாவா?"

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கொஞ்சம் பெரிய ஹோட்டலாகப் பார்த்து உட்கார்ந்தால், இலை விழுவதற்கு முன்னால் இந்தக் கேள்வி விழுந்துவிடுகிறது. ஒரு வாக்கியமாக இதைக் கவனித்துப் பார்க்கலாம். பாட்டிலுக்குப் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, தயாரித்த தேதி இருக்கிறது. மற்றதற்கு இருப்பது 'சாதா' என்ற ஒரு சொல்தான். சாதா தோசை என்றால் அதில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். சாதா தண்ணீர் என்றால்? நகராட்சிக் குழாயா, போர்வெல்லா, இருபது லிட்டர் கேனா, மாடித் தொட்டியில் மூன்று நாளாக நிற்பதா? கேட்டுப் பாருங்கள். "நல்ல தண்ணிதான் சார், நாங்களே அதத்தான் குடிக்கிறோம்" என்பார் சப்ளையர். அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எதிரே வருங்கால மாமனாரோ ஆபீஸ் மேனேஜரோ உட்கார்ந்திருந்தால் 'சாதா' என்று சொல்ல நாக்கு தயங்கும். 20 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால்? ஆற்றங்கரை ஊரில் ஆற்றுத் தண்ணீரைக் கேட்பது கஞ்சத்தனத்தின் அடையாளமாகிவிட்டது. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

பாட்டிலைக் கைவிட்ட உணவகங்கள் வெளிநாடுகளில் உண்டு. கலிபோர்னியாவின் ஷே பனீஸ் 2007இல் பாட்டில் தண்ணீரை நிறுத்திவிட்டு வடிகட்டிய குழாய்த் தண்ணீருக்கு மாறியது. பிரான்சில் இலவசக் குடிநீர் கேட்கலாம் என்பதை உணவகங்கள் எழுதியே வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் சட்டம். ஆனால் இவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. அங்கே குழாயின் மேல் ஊருக்கு ஏற்கனவே நம்பிக்கை இருக்கிறது. ஹோட்டல்காரர் விட்டுக்கொடுப்பது லாபத்தை மட்டும். இங்கே அந்த நம்பிக்கையையே அவர் உண்டாக்க வேண்டும்.

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். விளம்பரத்தில் லிஃப்ட், கார் பார்க்கிங் வரிசையில் 'காவேரி வாட்டர்' என்றும் போட்டிருப்பார்கள். சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டி, மேட்டுக்கு பம்ப் செய்து கொண்டுபோன தண்ணீர் அது. பெயரைச் சொன்னாலே வாடகை ஏறும். டெல்டாவில் எந்த ஹோட்டல் வாசலிலும் 'இங்கே காவிரித் தண்ணீர்' என்று எழுதி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் தஞ்சாவூர் நகரம் குடிப்பது திருமானூர் பக்கம் கொள்ளிடத்திலிருந்து வரும் தண்ணீர். அந்த ஆற்றின் தண்ணீர் வீராணம் ஏரி வழியாக 2004 முதல் சென்னைக்கும் போகிறது. கடலோரம் வேதாரண்யத்தில் நிலத்தடி நீர் உப்பு. அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய்தான் உயிர். ஆற்று மணலே முதல் வடிகட்டி, அதன்பின் குளோரின், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய். பொதுப்பணத்தில் இவ்வளவு வேலை நடந்து முடிந்த பிறகு, கடைசிப் பத்தடியில், ஹோட்டலின் சம்ப்புக்கும் நம் டம்ளருக்கும் நடுவில், அது பெயரை இழந்து 'சாதா'வாகிவிடுகிறது.

பாட்டில் விற்பது அந்தப் பத்தடியைத்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வெல்லில் எடுத்து, உப்பை நீக்கி, கணிசமான பங்கைக் கழிவாக வெளியே விட்ட நிலத்தடி நீர். அதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. மூடியைத் திருகும்போது 'டக்' என்று உடைகிற அந்த வளையத்துக்குக் கொடுக்கிறோம். நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. மென்பொருள்காரன் பாஷையில் செக்சம் என்பேன். (வந்த இடம் தெரிந்த தண்ணீருக்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் வைக்கலாம். இந்த ஜோக்கை ஆபீஸில் யாரும் ரசிக்கவில்லை.)

இந்த சாட்சியிலும் வகுப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தண்ணி பாக்கெட் பட்டியலில் இருந்தது, பாட்டில் இல்லை. சில்லறைக் காசுக்கு சீல் வைத்த தண்ணீர் குடித்தவரிடமிருந்து சீலைப் பிடுங்கினோம். 20 ரூபாய் கொடுப்பவரின் சீல் பத்திரமாக இருக்கிறது. அரசே 2013இல் பத்து ரூபாய்க்கு அம்மா குடிநீர் விற்றது. குறைந்த விலை, நல்ல நோக்கம். ஆனாலும் பாட்டில்தான். குழாயை நம்பாதே என்று குழாய்க்குச் சொந்தக்காரரே சொன்னால் வேறு யார் நம்புவது?

இதற்கெல்லாம் எதிராக 'அந்தக் காலத்தில் செம்பு அண்டா, பித்தளை டம்ளர்' என்று உருகும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவற்றோடு என்னால் உடன்பட முடியவில்லை. டம்ளர் ஒன்றும் அப்பாவிப் பொருள் அல்ல. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்த நாடு இது; கீழத்தஞ்சை அதற்கு விலக்கல்ல. ஹோட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவே 1957இல் பெரியார் சென்னையில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கைக்கு எட்டாத உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்தவரின் பேரனுக்கு, சாதி கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி உடைகிற அந்த மூடி ஒரு விடுதலையாகத் தோன்றினால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாட்டில் வேண்டாம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்காமல் நடந்து வர வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குத் திங்களூர் ஞாபகம் வருகிறது. திருவையாற்றுக்குப் பக்கம், இன்று நவக்கிரக டூர் வேன்கள் நிற்கிற அதே ஊர். பெரியபுராணக் கதை எல்லோருக்கும் தெரியும். நாம் வழக்கமாக மகன் பாம்பு தீண்டி இறந்து மீண்ட பகுதிக்கு அவசரமாகப் போய்விடுவோம். அதற்கு முன்னால் வருகிற தண்ணீர்ப் பந்தலில் கொஞ்சம் நிற்கலாம். அந்தணரான அப்பூதியடிகள் வழியில் பந்தல் வைத்து அதற்கு வேளாளரான திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டியிருக்கிறார், அவரை நேரில் பார்க்காமலேயே. அந்த வழியாக வந்த நாவுக்கரசர் தன் பெயரைக் கண்டு விசாரிக்கிறார். பிறகு அப்பூதியின் வீட்டுக்கே போய், உங்கள் பெயர் போடாமல் வேறொருவர் பெயரைப் போட்டது ஏன் என்று கேட்கிறார். யாரென்று தெரியாத அப்பூதி கோபப்படுகிறார்.

சேக்கிழார் பக்தியைச் சொல்கிறார். எனக்கு அந்தப் பந்தலும் முக்கியம். இலவசத் தண்ணீருக்குப் பெயர் இருந்தது. வழிப்போக்கன் 'இது யார் தண்ணீர்?' என்று கேட்கலாம். பதில் சொல்ல ஊரில் ஆள் இருந்தார்கள். தவறு நடந்தால் அப்பூதியின் வீடு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். கொடுப்பவரின் சாதியைத் தாண்டிய ஒரு பெயரை அதன் மேல் எழுதியிருந்தது என்பதும் சின்ன விஷயமல்ல. பெயரில்லாத இலவசம்தான் சாதா.

கேரள ஹோட்டல்கள் இதைப் பெயருக்குப் பதிலாக நிறத்தால் சமாளித்திருக்கின்றன. பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் சூடாக மேசைக்கு வருகிறது. கொதித்தது என்பதற்கு நிறமும் சூடும் சாட்சி. பாதி பச்சைத் தண்ணீரைக் கலந்துவிட்டால் சாட்சி பொய்யாகிவிடும், ஆனாலும் ஏமாற்றுவதற்கும் அங்கே ஒரு மெனக்கெடல் வேண்டியிருக்கிறது. டெல்டா ஹோட்டல் சீரகத் தண்ணீர் வைக்கலாம். அல்லது இன்னும் எளிதாக: குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. அதைப் பார்க்க ஒரு சின்ன சோதனைக் குழாயும் இரண்டு சொட்டு மருந்தும் போதும். தண்ணீர் மஞ்சளாக மாறும். காலையில் ஒருமுறை பார்த்து, எந்த ஆற்றுத் தண்ணீர், தொட்டி கழுவிய தேதி என்ன, இன்றைய குளோரின் எவ்வளவு என்று கல்லாவுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் எழுதலாம். இன்றைய ஸ்பெஷலுக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.

புரி கோயில் நகரம் 2021 ஜூலையில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று அறிவித்தது. கும்பகோணத்துக்கு அடுத்த மகாமகம் 2028இல். குளத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்காரர்கள் மாநகராட்சியிடம் போய் நிற்க இன்னும் நேரம் இருக்கிறது.

"போர்டுல எழுதிட்டு நாளைக்கு ஒருத்தருக்கு வயித்துவலின்னா எங்க தலையிலதானே விழும்" என்பார்கள் முதலாளிகள். நியாயமான பயம். ஆனால் பாட்டில் வாங்கிய வாடிக்கையாளர் மூடியைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு, சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு, கடைசியில் கை நிறைய மோரை வாங்கிக் குடிக்கிறார். சட்னி அரைத்ததும் மோர் கலந்ததும் எந்தத் தண்ணீரில் என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.